அக்கூஸ்டிக் பேஸ் கூட்டத்தில் கேட்கவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

#1 நாலுகம்பி

வணக்கம். எட்டு மாதமாக ஒரு அக்கூஸ்டிக் பேஸ் கிட்டார் வைத்திருக்கிறேன். 34 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்), ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகள்) உள்ளது, பிக்அப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் கருவி) எதுவும் கிடையாது. தனியாக அறையில் வாசித்தால் அத்தனை சுகமாக இருக்கிறது. நெஞ்சோடு ஒட்டி அதிரும்.

வாரம் ஒருமுறை நாலு பேர் சேர்ந்து வாசிக்கிறோம். இரண்டு ஸ்டீல் கம்பி கிட்டார், ஒருவர் கஹோன் (உட்கார்ந்து தட்டுகிற பெட்டி), அப்புறம் நான். யாருக்கும் மைக் கிடையாது, ஆம்ப் கிடையாது. பாட்டு ஆரம்பித்த பத்தாவது நொடியில் நான் காணாமல் போய்விடுகிறேன். போன வாரம் ஒரு பாட்டின் நடுவில் வேண்டுமென்றே கையை எடுத்துப் பார்த்தேன். ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தடிமனான கம்பி போட்டால் சரியாகுமா? பிக் (கம்பியை மீட்டும் சில்லு) வைத்து வாசிக்கலாமா? இல்லை, பிக்அப் போட்டே தீர வேண்டுமா? முடிந்தவரை மின்சாரம் இல்லாமல் சமாளிக்க ஆசை.

#2 ராக்கோழி

எலக்ட்ரிக் பேஸ் வாங்குங்கள். முடிந்தது.

#3 நாலுகம்பி

அது ஏற்கெனவே இருக்கிறது :) கேள்வி இதைப் பற்றி.

#4 மரத்தூள்

தம்பி, முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். குறை உங்கள் கையில் இல்லை, பெட்டியில். கிட்டார் ரிப்பேர் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் நிறைய.

கிட்டாரின் அடி ஈ (E சுருதி) கம்பி 82 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 82 அதிர்வு. உங்கள் அடி ஈ அதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே, 41 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்தாயி இறங்கிய பிறகும் அதே சத்தம் காற்றில் எழும்ப வேண்டுமென்றால் மேல்பலகை நாலு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். பலகை பெரிதாக இருக்க வேண்டும், அல்லது அதிகமாக அசைய வேண்டும். உங்கள் பெட்டியோ ஜம்போ கிட்டார் அளவு, மிஞ்சிப் போனால் கொஞ்சம் ஆழம் கூட. போதாக்குறைக்கு மனிதக் காது கீழ்ச் சத்தங்களுக்கு மந்தம்.

பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் ஒரு சுருதி உண்டு. காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் 'பூம்' என்று வருமே, அதே கதைதான். சாதாரண கிட்டாரில் அது 100 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். அக்கூஸ்டிக் பேஸில் அதைவிடக் கொஞ்சம் கீழே. டபுள் பேஸில் (நின்று வாசிக்கும் ஆளுயர வாத்தியம்) 60 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். அதற்குக் கீழே போகப் போகப் பெட்டி உதவிக்கு வராது. ஆகவே நீங்கள் அடி ஈ தட்டும்போது 41 ஹெர்ட்ஸ் வெளியே வருவது மிகக் கொஞ்சம். வருவதெல்லாம் 82, 123 என்று அதன் மடங்குகளில் கூடவே ஒலிக்கும் மேல் இழைகள். அவற்றை வைத்து அடிச் சுருதியை மூளையே கட்டிக்கொள்கிறது. தனியறையில் அது போதும். இரண்டு கிட்டார் வந்து உட்கார்ந்ததும் அந்த 82, 123 இருக்கும் இடத்தில்தான் அவர்களுடைய தடித்த கம்பிகளும் இருக்கின்றன. உங்களிடம் மிச்சமிருந்ததையும் அவர்கள் மூடிவிடுகிறார்கள்.

இது தெரிந்துதான் 1972இல் எர்னி பாலும் ஜார்ஜ் ஃபுல்லர்டனும் சேர்ந்து எர்த்வுட் என்ற அக்கூஸ்டிக் பேஸைக் கொண்டுவந்தார்கள். பெட்டி அவ்வளவு ஆழம், கட்டிப்பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். வயலன்ட் ஃபெம்ஸ் குழுவின் பிரையன் ரிட்சி கையில் பார்த்திருப்பீர்கள். அந்த அளவு பெட்டி பிறகு யாருக்கும் பழக்கமாகவில்லை. 1989இல் எம்டிவியின் அன்பிளக்ட் (ஒயர் செருகாதது என்று அர்த்தம்) நிகழ்ச்சி வந்த பின் இந்த வாத்தியம் பரவியது. பெயர்தான் அன்பிளக்ட், உள்ளே எல்லாம் ஒயர்.

#5 பெரியபிடில்

மரத்தூள் அண்ணா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் கேள்வி கேட்டவரை அப்படியே நடுவழியில் இறக்கிவிட்டால் எப்படி?

நான் டபுள் பேஸ் வாசிக்கிறேன். தூக்கிக்கொண்டு அலைய முடியாத இடங்களுக்கு ஓர் அக்கூஸ்டிக் பேஸ். ஒரு வருடம் உங்களைப் போலத்தான் ஊமை நாடகம் ஆடினேன். ஆம்பைத் தொடுவதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

உட்காரும் விதம். வாத்தியத்தின் முதுகு உங்கள் வயிற்றில் அழுந்தியிருக்கிறதா? வலது முழங்கை மேல்பலகையில் சாய்ந்திருக்கிறதா? இரண்டுமே தலையணை வைத்து அமுக்குவதற்குச் சமம். வாரை மாட்டிக்கொண்டு, அடியை மட்டும் தொடையில் வைத்து, முதுகுக்குப் பின்னால் நாலு விரல் இடம் விடுங்கள். கை பலகையின் விளிம்பில் மட்டும் படட்டும். அப்புறம் அறையின் மூலையைப் பிடியுங்கள். இரண்டு சுவரும் தரையும் சேரும் இடத்தில் கீழ்ச் சத்தத்துக்குத் தனி பலம் கிடைக்கும். நடு அறையில் உட்காருவதுதான் பேஸுக்கு மிக மோசமான இடம்.

தட்டும் இடம். கழுத்து முடியும் இடத்தில் கட்டைவிரல் சதையால் மீட்டினால் உங்கள் காதுக்கு இனிமை. எதிரே இருப்பவருக்கு வெறும் புகை. பிரிட்ஜ் (பெட்டியின் மேல் கம்பிகளைக் கட்டும் கட்டை) பக்கம் வாருங்கள். விரல் நுனி, நகம், இல்லை 1.5 மில்லிமீட்டருக்குக் குறையாத தடித்த பிக். தனியாகக் கேட்டால் கொஞ்சம் கரடாக இருக்கும். கூட்டத்தில் அந்தக் கரடுதான் பேஸ் என்று காதுக்குத் தெரியும்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்தது. மெக்சிகோவின் மரியாச்சி குழுக்களில் கிட்டாரோன் என்று ஒரு வாத்தியம். தொந்தி வைத்த பெரிய பெட்டி, குட்டைக் கழுத்து, ஃப்ரெட் கிடையாது, ஆறு கம்பி. டிரம்பெட்டுகளுக்கும் வயலின்களுக்கும் நடுவே மின்சாரம் இல்லாமலே கேட்கும். பெட்டி பெரிது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அதன் அடி நோட்டு ஏ, 55 ஹெர்ட்ஸ். ஈ வரைக்கும் இறங்குவதே இல்லை. மூன்றாவது காரணம்தான் நாம் திருட வேண்டியது. ஒரே நேரத்தில் இரண்டு கம்பியைப் பிடித்து இழுத்து, நோட்டையும் அதன் மேல் ஸ்தாயியையும் சேர்த்தே வாசிப்பார்கள்.

உங்கள் பேஸில் ஈ கம்பி 3ஆம் ஃப்ரெட்டில் ஜி. டி கம்பி 5ஆம் ஃப்ரெட்டில் மேல் ஜி. கட்டைவிரல் ஒன்றில், ஆட்காட்டி விரல் மற்றதில், கிள்ளுவது போல ஒரே இழுப்பு. 49 ஹெர்ட்ஸ் தனியாக வெளியே வராது, 98 வரும். கேட்பவருக்கு அது ஒரே நோட்டாகத்தான் தோன்றும், ஆனால் கேட்கும்.

#6 ராக்கோழி

எலக்ட்ரிக் வேண்டாம், கிட்டாரோன் வாங்கு என்கிறீர்கள். நல்ல முன்னேற்றம்.

#7 பெரியபிடில்

வாங்கச் சொல்லவில்லை ஐயா, திருடச் சொன்னேன்.

#8 தந்திவாத்தியார்

கம்பியைப் பற்றி யாரும் பேசவில்லையே.

முதல் காரியம், அந்தக் கம்பி எட்டு மாதப் பழசு என்றால் மாற்றுங்கள். வெண்கலச் சுற்றுக் கம்பி வியர்வையில் செத்துவிடும். செத்த கம்பியில் மேல் இழைகள் போய்விடும், மரத்தூள் சொன்னபடி உங்களுக்கு வெளியே வருவதே அவைதான். 80க்கு 20 வெண்கலம் பளிச்சென்று இருக்கும், பாஸ்பர் வெண்கலம் சற்று வட்டமாக இருக்கும். நைலான் நாடா சுற்றியது, ஃப்ளாட் வவுண்ட் (வழவழப்பாகச் சுற்றியது) எல்லாம் அழகுதான், ஆனால் ஆம்ப் இல்லாமல் சத்தம் வேண்டுகிறவருக்கு அவை எதிரி.

தடிமன்: 45 முதல் 100 வரையிலான (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) செட் போதும். அதைவிடத் தடித்தால் இழுவிசை ஏறும், பிரிட்ஜ் பலகையோடு பெயர்ந்து வரப் பார்க்கும். சத்தம் கொஞ்சம்தான் கூடும். கம்பி உயரத்தை ஒரு மயிரிழை ஏற்றினால் அடித்து வாசிக்கலாம், ஃப்ரெட்டில் மோதாது. தடித்த கம்பியைவிட அது உபயோகம்.

இன்னொரு வழியும் இருக்கிறது, துணிச்சல் உள்ளவர்களுக்கு. சுருதியையே மேலே தூக்குங்கள்: ஈ-ஏ-டி-ஜி என்பதற்குப் பதில் ஏ-டி-ஜி-சி. அடி நோட்டு 55 ஹெர்ட்ஸ், மேல் கம்பி 131. பெட்டியால் முடிகிற இடத்துக்கு நாமே இடம்பெயர்ந்துவிடுகிறோம். ஆனால், கவனம்! இருக்கும் கம்பிகளையே முறுக்கி ஏற்றக் கூடாது. ஈ கம்பியை ஏ-வுக்கு ஏற்றினால் இழுவிசை முக்கால் பங்குக்கு மேல் கூடும். கம்பி அறும், அல்லது கழுத்து வளையும். செட்டில் உள்ள ஏ, டி, ஜி மூன்றையும் ஓர் இடம் தள்ளிப் போட்டு, நாலாவதாக ஆறு கம்பி பேஸுக்கு விற்கும் மெல்லிய சி கம்பியைத் தனியாக வாங்கிப் போடுங்கள். மேல்முனைப் பள்ளத்தில் மெல்லிய கம்பி கொஞ்சம் ஆடும். பொறுத்துக்கொள்ளலாம்.

#9 சும்மாஇரு

ஒரு வேடிக்கை. வாசிக்கும்போது பேஸின் தலையை அலமாரிக் கதவில் முட்டுக்கொடுத்துப் பாருங்கள்.

#10 நாலுகம்பி

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அலமாரி: உண்மையிலேயே மிரண்டுவிட்டேன். கதவு முழுக்க அதிர்ந்து, உள்ளே இருந்த கண்ணாடி டம்ளர்கள் கூடவே பாடின. சத்தம் அப்படியே கூடியது. ஆனால் வாராவாரம் அலமாரியைச் சுமந்துகொண்டு போக முடியாதே.

புதுக் கம்பி, மூலை, பிரிட்ஜ் பக்கம், முதுகுக்குப் பின் இடைவெளி, எல்லாம் செய்தேன். மெதுவான பாட்டுகளில் முதல்முறையாகக் கஹோன்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மேல் ஸ்தாயியைச் சேர்த்துக் கிள்ளுவது அபாரம், ஆனால் வேகப் பாட்டில் என் விரலுக்கு இன்னும் வரவில்லை. இரண்டு கிட்டாரும் பல்லவியில் முழு வீச்சில் அடிக்க ஆரம்பித்தால் மறுபடியும் நான் அம்போ.

கைப்பேசியில் பதிவு செய்து கேட்டேன். அதில் நான் சுத்தமாக இல்லவே இல்லை.

#11 ஈயப்பற்று

கைப்பேசிப் பதிவை நம்பாதீர்கள். அதன் சின்ன ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஒன்றுமே வராது. வேறு யாரிடமாவது பேஸைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி, நீங்கள் எதிரே நாலடி தள்ளி நின்று கேளுங்கள். வாசிப்பவரின் காது பலகைக்கு மேலே, பின்புறமாக இருக்கிறது. மேல் இழைகள் முன்னால் போகின்றன. எதிரே இருப்பவருக்குக் கேட்பதும் உங்களுக்குக் கேட்பதும் ஒன்றல்ல.

#12 பெரியபிடில்

கிட்டார்காரர்களிடம் பேசினீர்களா? இது உங்கள் ஒருவருடைய பிரச்சினை இல்லை. ஒருவர் 5ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு மேல் வடிவங்களில் வாசிக்கட்டும். இன்னொருவர் தடித்த ஐந்தாம், ஆறாம் கம்பிகளை விட்டுவிட்டு அடிக்கட்டும். கஹோனின் நடுப்பலகை அடி உங்கள் நோட்டுகள் இருக்கும் அதே பகுதியில்தான் விழுகிறது. ஒவ்வொரு அடியையும் நடுவிலேயே போடாமல், நீங்கள் முதல் தாளத்தில் விழும்போது அவர் விளிம்புக்கு நகர்ந்தால் போதும்.

பேஸ்காரர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். நானும் பட்டேன்.

#13 நாலுகம்பி

கேட்டேன். கேப்போ யோசனையை ஒருவர் உடனே ஒப்புக்கொண்டார். இன்னொருவர், "அடிக் கம்பி இல்லாமல் அடித்தால் கிட்டார் மொட்டையாக இருக்கிறதே" என்றார். அந்த மொட்டையை நிரப்பத்தானே அண்ணே நான் இருக்கிறேன் என்றேன். சிரித்தார், பல்லவி வந்ததும் மறந்துவிட்டார்.

சரி, பிக்அப் பக்கம் போகிறேன். எது போடுவது?

#14 ஈயப்பற்று

வெண்கலக் கம்பி போட்டிருக்கிறீர்கள், அதனால் காந்த பிக்அப் வேண்டாம். அது இரும்பைத்தான் உணரும். உங்கள் கம்பியில் நடு இழை மட்டும் எஃகு, மேலே சுற்றியிருப்பதை அது கண்டுகொள்ளாது. ஒலி மெலிந்து, கம்பிக்குக் கம்பி ஏற்ற இறக்கமாக வரும். சேடிலுக்கு (பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் மெல்லிய துண்டு) அடியில் வைக்கும் பீஸோதான் (அழுத்தத்தை மின்சாரமாக்கும் பிக்அப்) வழக்கம்.

பீஸோவை வாங்கி நேராக மிக்ஸரிலோ ஏதாவதொரு ஆம்பிலோ குத்திவிட்டு, "சத்தம் தகரம் மாதிரி இருக்கிறது" என்று நிறைய பேர் புலம்புவார்கள். காரணம் இதுதான். பீஸோ என்பது மின்சார ரீதியில் ஒரு சின்னக் கப்பாசிட்டர். அதை எந்த உள்ளீட்டில் செருகுகிறோமோ அதன் இம்பீடன்ஸோடு (மின்தடையோடு) சேர்ந்து, கீழ்ச் சத்தத்தை வெட்டும் ஃபில்டராக மாறிவிடும். 1 நானோஃபாரட் பீஸோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மெகாஓம் உள்ளீட்டில் செருகினால் ஏறக்குறைய 160 ஹெர்ட்ஸிலிருந்தே கீழே சரிய ஆரம்பிக்கும். கிட்டாருக்கே அது இடிக்கும், பேஸுக்குக் கேட்கவே வேண்டாம். 10 மெகாஓம் என்றால் 16 ஹெர்ட்ஸ், தொல்லை தீர்ந்தது. சாதாரண லைன் உள்ளீட்டில் சில பத்து கிலோஓம்தான் இருக்கும். அங்கே செருகினால் பேஸ் மொத்தமும் போய் நகச் சத்தம் மட்டும் மிஞ்சும்.

ஆகவே பீஸோவை ஒட்டியே ஒரு ப்ரீஆம்ப் (ஆம்புக்கு முன்னால் வரும் சின்னப் பெருக்கி) வேண்டும், பெட்டிக்கு உள்ளேயோ இடுப்பில் மாட்டுவதோ. 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். ஒரு எச்சரிக்கை. உள்ளே வைக்கும் ப்ரீஆம்ப் பெரும்பாலும் கேபிளைச் செருகினாலே உயிர் பெற்றுவிடும், தனி ஸ்விட்ச் இருக்காது. வாசித்து முடித்ததும் கேபிளை உருவுங்கள். மறந்தால் அடுத்த வாரம் பேட்டரி கருமாதி.

#15 மரத்தூள்

பீஸோ வைக்கும்போது ஒரு விஷயம். வேலை சின்னது, ஆனால் இதில்தான் பாதிப் பேர் சறுக்குவார்கள். சேடிலின் அடிப்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தட்டை போதாது. ஒரு கண்ணாடித் துண்டில் மெல்லிய உப்புத்தாளை ஒட்டி, சேடிலை நிமிர்ந்தவாக்கில் பிடித்து, ஒரே திசையில் நாலு இழுப்பு. அடியில் பென்சிலால் குறுக்குக்கோடுகள் போட்டுக்கொண்டு தேய்த்தால், எங்கே கோடு அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம். அந்தப் பள்ளத்துக்கு மேல் வரும் கம்பி ஆம்பில் மட்டும் மெலிவாகக் கேட்கும். பெரும்பாலும் ஜி கம்பிதான் மாட்டும். பீஸோ எவ்வளவு தடிமனோ அவ்வளவு சேடிலைக் குறைக்கவும் வேண்டும், இல்லையென்றால் கம்பி உயரம் ஏறிவிடும். குறைப்பது அடியில்தான், மேல் வளைவில் கை வைக்காதீர்கள்.

#16 நாலுகம்பி

வீட்டில் 15 வாட் எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப் ஒன்று இருக்கிறது. அது போதுமா?

#17 ராக்கோழி

குருவி தலையில் பனங்காய். வேண்டாம்.

கிண்டல் போதும், உருப்படியாகவே சொல்கிறேன். கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸுக்குச் செய்தது அல்ல. முதுகு திறந்த பெட்டி என்றால் கீழ்ச் சத்தம் முன்னும் பின்னும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். சத்தம் வரவில்லையே என்று குமிழைத் திருகித் திருகி கோனைக் கிழித்துவிடுவீர்கள். சின்ன பேஸ் ஆம்ப், 10 அங்குல ஸ்பீக்கர், 50 வாட் போதும். 100 வாட் வாங்கினால் இரண்டு மடங்கு சத்தம் என்று நினைக்காதீர்கள், வித்தியாசம் 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும்.

நாற்காலி மேல் தூக்கி வைக்காதீர்கள். தரையில், சுவரை ஒட்டி. நீங்கள் அதற்குப் பக்கத்தில் உட்காருங்கள், எதிரே வேண்டாம். எதிரே உட்கார்ந்தால் பேஸின் பலகையே மைக் மாதிரி அதை வாங்கித் திருப்பி அனுப்பும், ஊளை ஆரம்பிக்கும்.

#18 ஈயப்பற்று

ராக்கோழிக்கு இவ்வளவு தெரியுமா!

ஊளை விஷயத்தில் இரண்டு வார்த்தை. முதலில் வருவது பெட்டிக் காற்றின் சுருதியில்தான், மரத்தூள் சொன்ன அந்த பாட்டில் சுருதி. ரப்பர் மூடி ஒன்றை சவுண்ட்ஹோலில் (மேல்பலகையின் ஓட்டையில்) மாட்டினால் பாதி அடங்கும். ப்ரீஆம்பில் ஃபேஸ் ஸ்விட்ச் (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) இருந்தால் புரட்டிப் பாருங்கள், சில இடங்களில் அதுவே போதும். நாட்ச் ஃபில்டர் இருந்தால் ஊளையிடும் சுருதியில் மட்டும் குறுகலாக வெட்டுங்கள். ஈக்யூவில் (ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) பேஸ் குமிழை ஏற்றும் ஆசையை அடக்குங்கள். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர் இருந்தால் போட்டுவிடுங்கள். அங்கே இசை இல்லை, கை உரசலும் பலகை அதிர்வும்தான்.

#19 நாலுகம்பி

ஒரு மாத அறிக்கை.

பீஸோ, உள் ப்ரீஆம்ப், ஒரு பழைய 50 வாட் பேஸ் ஆம்ப். சேடிலை நானே தேய்த்தேன். முதல்முறை ஜி கம்பி செத்துத்தான் கிடந்தது. பென்சில் கோடு போட்டுப் பார்த்தால், மரத்தூள் அண்ணன் சொன்னபடி அந்த முனையில் கோடு அப்படியே இருக்கிறது. மறுபடி கழற்றித் தேய்த்தேன், சரியாகிவிட்டது.

ஆச்சரியம் என்னவென்றால், ஆம்பின் குமிழ் பத்தில் இரண்டைத் தாண்டவே இல்லை. ஆம்ப் இருக்கிறது என்றே தெரியாத அளவு. பேஸிலிருந்துதான் வருகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கிள்ளி வாசிப்பதை நிறுத்தவில்லை, இப்போது அது ஒரு ருசிக்கு. மூலையையும் விடவில்லை. போன வாரம் நடுப்பாட்டில் மறுபடி கையை எடுத்துப் பார்த்தேன். மூன்று பேரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

#20 பெரியபிடில்

அடடா! தந்திவாத்தியாரின் ஏ-டி-ஜி-சி முயன்றீர்களா?

#21 நாலுகம்பி

இன்னும் இல்லை அக்கா, சி கம்பி வாங்கி வைத்திருக்கிறேன். இன்றைக்கு வேறொரு சந்தேகம். முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதில் நோட்டு தேய்ந்து தேய்ந்து, உடைந்த மாதிரி கரகரவென்று வர ஆரம்பித்தது. ஆம்ப் போய்விட்டதா?

#22 ஈயப்பற்று

போன வாரம் வாசித்து முடித்ததும் கேபிளை உருவினீர்களா?

#23 நாலுகம்பி

...